மூன்று மாதத்தில் வந்த மாற்றம் ஆட்டிசம் அல்ல

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நாலு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். சேலம் ஜங்ஷனுக்கு எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மூன்று மாதமாக ரயில் பேச்சே இல்லை. உயிராக இருந்த தட்டுவடை செட்டையும் தொடுவதில்லை. ராத்திரி தூங்குவதில்லை; குளிக்கச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்கிறான். போன வாரம், "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்றான். மாமியாரோ, "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான்" என்கிறார். ஏற்காட்டில் நாலு நாள் தங்கவைத்தால் சரியாகுமா?
- ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அவன் சொன்ன அந்த வார்த்தை. எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. வாயால் சொல்ல வராவிட்டால் போனில் டைப் செய்யட்டும். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்தை எடுத்துப் பூட்டுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். பயமாக இருந்தால் எந்நேரமும் 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்வான் என்று தோன்றினால், நள்ளிரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

பதின்மூன்று வருடமாக ஆட்டிசத்தோடுதான் ரயிலை நேசித்தான். இப்போது அந்த ஆசை போயிருக்கிறதென்றால் காரணம் வேறு. எனக்கு மனச்சோர்வு நோய் என்றுதான் சந்தேகம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குத் தன் மனசில் ஓடுவது துக்கமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, முகமும் காட்டாது. அழுகை வராமல், அடித்துக்கொள்வதும் எரிந்து விழுவதுமாக வெளிப்படும். அதனால்தான் மருத்துவர்கள்கூட சில நேரம் தவறவிடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள், ஆறு மாதம் முந்தைய உங்கள் மகனோடு ஒப்பிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது? பள்ளி முடிந்ததா, யாராவது கேலி செய்தார்களா? பல்வலி, மலச்சிக்கல், தைராய்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் வலிப்பும் தொடங்கலாம்.

ஏற்காடு இப்போது வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு, புது அறை, புது சாப்பாடு எல்லாம் அவனுக்கு இன்னொரு சுமை. இந்த வாரமே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, ஆட்டிசம் தெரிந்த வேறு மனநல மருத்துவரிடமோ போங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்று தினமும் குறித்துக்கொண்டு போங்கள். அவன் அடித்துக்கொள்ளும் நேரத்தில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தாலும் நல்லது.

மாத்திரை தந்தால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் கூட்டுவார்கள். தொடங்கிய பிறகு படபடப்போ, தூக்கமே வேண்டாத சுறுசுறுப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது கொஞ்ச நாள் அதீத உற்சாகம், கொஞ்ச நாள் ஒரேயடியாக முடங்கிக்கிடப்பது என்று மாறிமாறி இருந்திருந்தால், அதுவும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பழைய கதை மாமியாருக்குத்தான் தெரிந்திருக்கும். அவரையும் கூட அழைத்துப் போங்கள்.