ஒரே ராத்திரியில் 1.2 கிலோ! – வாசகர் கேள்வி பதில்

எடைக் குறைப்பு பற்றி வந்த கடிதங்களில் எடை மெஷின் மீதான புகார்கள்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இரண்டு மாதமாகக் கட்டுப்பாடாகச் சாப்பிட்டு வருகிறேன். புதன் இரவு ஆம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன், பிரியாணி சாப்பிட்டேன். அன்று காலை 72.1 இருந்த எடை, வியாழன் காலை 73.3. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா இவ்வளவு? இரண்டு வார எடைக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, குடியாத்தம்

பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கிலோ உடல்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். 1.2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், அன்றாடத் தேவை போக 9,200 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு பிளேட் பிரியாணியைத் தாராளமாக 700 கலோரி என்று வைத்தாலும் பதின்மூன்று பிளேட் ஆகிறது. ஆம்பூர்க்காரர்கள் எவ்வளவுதான் உபசரித்தாலும் அது நடக்காது.

ஏறியதில் பெரும்பங்கு தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். உடம்பும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் உப்போடு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. பிரியாணி, கத்தரிக்காய், தயிர்ப்பச்சடி, ஊறுகாய் என்று வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடிப்போனால் அரை லிட்டர் தண்ணீர் தங்கும். அது அரைக் கிலோ. சிறுநீரகம் அதை வெளியே தள்ள இரண்டு மூன்று நாளாகும். அடுத்து மாவுச்சத்து. சாப்பிட்ட சோற்றில் ஒரு பகுதியை ஈரலும் தசையும் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். டயட்டில் இருப்பவருக்கு இந்தக் கிடங்கு எப்போதும் கொஞ்சம் காலியாகவே இருக்கும். அதில் 100 கிராம் நிரம்பினாலே மெஷினில் 400 கிராம் ஏறிவிடும். மீதி, இன்னும் குடலில் கிடக்கும் ராத்திரிச் சாப்பாடு.

இதே கணக்கு தலைகீழாகவும் ஓடும். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதாகச் சந்தோஷப்படுகிறோமே, அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இப்போது உங்கள் குறிப்புக்கு வருவோம். முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 72.4, 72.9, 72.1, 73.3, 72.8, 72.2, 72.0. இரண்டாம் வாரம்: 72.3, 71.8, 72.0, 71.7, 73.0, 72.5, 71.9. வெள்ளிக்கிழமை மட்டும் எடை பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இருந்திருந்தால் 72.8 போய் 73.0 வந்திருக்கிறது, 200 கிராம் ஏறிவிட்டது என்று அழுதிருப்பீர்கள். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். முதல் வாரம் 72.53, இரண்டாம் வாரம் 72.17. உண்மையில் சுமார் 360 கிராம் குறைந்திருக்கிறீர்கள். தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், அதே மாதிரி லேசான உடையில் எடை பாருங்கள். அந்த எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஞாயிறு சராசரியை மட்டும் போன ஞாயிறு சராசரியோடு ஒப்பிடுங்கள்.

வீட்டு மெஷினில் 81, ஜிம்மில் 82.5, ரயில் நிலையத்தில் காசு போட்டுப் பார்த்தால் 84. எதை நம்புவது?
– வாசகர், காட்பாடி

மூன்றையும் ஒப்பிடாதீர்கள். ரயில் நிலையத்தில் செருப்பு, பேன்ட், செல்போன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் ஏறுகின்றன. ஒரே மெஷின் இருந்தால் போதும். அது ஒரு கிலோ தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, தினமும் அதே தவறாக இருக்க வேண்டும்.

மெஷினைக் கோரைப்பாய், மிதியடி, மெத்தென்ற விரிப்பு எதன் மேலும் வைக்கக் கூடாது. அடியில் நான்கு மூலையிலும் எடை உணரும் கால்கள் உண்டு. அவை நான்கும் கடினமான தரையில் படிய வேண்டும். கடப்பாக்கல் தரையில் இரண்டு கல் சேரும் இடத்தைத் தவிர்த்து, ஒரே இடத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். நகர்த்தினால் ஒருமுறை ஏறி இறங்கி, பூஜ்யம் காட்டிய பிறகு மீண்டும் ஏறுங்கள்.

சோதிக்க ஒரு வழி. முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள். பிறகு நிரப்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். 2 கிலோவோ, அதற்கு ஐம்பது நூறு கிராம் கூடவோ காட்டினால் மெஷின் சரி. இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. சில டிஜிட்டல் மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எடையை நினைவில் வைத்திருந்து, வித்தியாசம் 200, 300 கிராமுக்குள் இருந்தால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும். ‘ஒரு வாரமாக அசையவே இல்லை’ என்பவர்கள், பாட்டிலோடு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, பிறகு வெறுங்கையோடு ஏறிப் பாருங்கள்.

பவுர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டர் நடந்தும் மறுநாள் எடை 800 கிராம் கூடியிருக்கிறதே?
– வாசகர், ஆற்காடு

பழக்கமில்லாத நடையில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்ய அங்கே நீர் கோக்கும். கால் வலி இருக்கும் வரை அந்த எடையும் இருக்கும், மூன்று நான்கு நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் எடை இறங்காததற்கும் இது ஒரு காரணம்.

மாதத்தில் ஒரு வாரம் என்ன செய்தாலும் ஒன்றரைக் கிலோ ஏறுகிறது. வயது 29.
– வாசகி, ஆரணி

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் தங்குவது இயல்பு. சிலருக்கு ஒன்று, இரண்டு கிலோகூட ஏறும். விலக்கு தொடங்கிய சில நாளில் இறங்கிவிடும். உங்களுக்கு வாரச் சராசரியும் போதாது. விலக்கு முடிந்த வாரத்தை, போன மாதம் விலக்கு முடிந்த வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வயது 42, உயரம் 155 செ.மீ. 78 கிலோவிலிருந்து 68க்கு வந்தேன். ஆறு வாரமாக ஒரு கிராம்கூட அசையவில்லை. சாப்பாடு அதே 1,500 கலோரிதான். காபிக்குச் சர்க்கரை கணக்கில் இல்லை, எண்ணெய் எனக்கு இரண்டு டீஸ்பூன் என்று வைத்திருக்கிறேன். வீட்டில் நான்கு பேர், மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆகிறது. மெட்டபாலிசம் (உடம்பு கலோரியை எரிக்கும் வேகம்) செத்துவிட்டது என்கிறார் ஜிம் பயிற்சியாளர்.
– வாசகி, சத்துவாச்சாரி

சாகவில்லை. இரண்டு மூன்று வாரம் நின்றால் தண்ணீர் மறைக்கிறது என்று சொல்லலாம். நான்கு வாரத்துக்கு மேல் வாரச் சராசரியும் இடுப்பளவும் சேர்ந்தே நின்றிருந்தால், அது உண்மையான தேக்கம். உங்களுடையது அப்படித்தான் தெரிகிறது.

78 கிலோவில், லேசான நடமாட்டத்தோடு உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,930 கலோரி தேவைப்பட்டது. 68 கிலோவில் அது சுமார் 1,790. சுமை குறைந்த வண்டிக்குப் பெட்ரோல் குறைவாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். முன்பு 430 கலோரி பற்றாக்குறை இருந்தது, இப்போது 290. 1,500 மட்டுமே உள்ளே போனால் வாரம் கால் கிலோவாவது இறங்கியே ஆக வேண்டும். இறங்கவில்லை என்றால் எங்கிருந்தோ அந்த 290 வருகிறது.

எங்கிருந்து என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஐந்து லிட்டர் எண்ணெய் சுமார் 4,550 கிராம். நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் தலைக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. நீங்கள் எழுதிக்கொண்டது இரண்டு டீஸ்பூன், 90 கலோரி. 250 கலோரி இங்கேயே ஒளிந்திருக்கிறது. காபியில் தினம் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் அது இன்னொரு 40. கணக்கு முடிந்தது! வயது, உயரம், எடையை வைத்துக் கலோரித் தேவையைச் சொல்லும் சூத்திரம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் ஆகும் என்றாலும், ஓட்டை எங்கே என்பதில் சந்தேகமில்லை.

அடுத்த எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதுங்கள். தலைக்கு 20 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் சுமார் 2.6 லிட்டர்தான் ஆக வேண்டும். ஒரு லிட்டர் பதினோரு நாளாவது வர வேண்டும். எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராகக் கடாயில் சாய்ப்பதை நிறுத்திக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சாப்பாட்டை 1,200க்குக் கீழே இறக்கும் வேலை வேண்டாம். தசையும் சேர்ந்து கரைந்துபோகும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி, தினமும் முட்டை, சுண்டல், பருப்பு, தயிர் என்று 65, 70 கிராம் புரதம் இருக்கட்டும்.

ராத்திரி சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினேன், தொட்டுக்கொள்ள மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னி. எடை குறையவில்லையே?
– வாசகர், போளூர்

100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி, அரிசியில் 350. பெரிய வித்தியாசமில்லை. கேழ்வரகில் நார்ச்சத்து பல மடங்கு அதிகம், வயிறு நிறைந்து நிற்கும், அதுதான் அதன் பலன். ஆனால் இரண்டு உருண்டை போட்டால் அந்தப் பலன் போய்விடும். மாவாக அளந்து 60 கிராமில் ஒரு உருண்டை கிண்டுங்கள். சட்னிதான் கவனிக்க வேண்டியது. ஒரு கைப்பிடி, 30 கிராம் மல்லாட்டையில் 170 கலோரி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் போதும், மற்ற நாட்களில் கீரை கடைந்துகொள்ளுங்கள்.

வயது 61, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு நாளில் 3 கிலோ ஏறிவிட்டது. சாயங்காலம் கால் வீங்குகிறது. உப்பைக் குறைத்தால் சரியாகுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

இது டயட் கேள்வி இல்லை. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் கால் வீங்கும். இதயம், சிறுநீரகம் இரண்டில் ஒன்று தடுமாறினாலும் வீங்கும். எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையையும் எடைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை இரண்டு வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போங்கள்.