கனவில் ஒரு ஜாங்கிரி

கேள்வி: ஐயா, என் வயது 34. மாதத்தில் ஒரு நாளாவது கனவுக்கு நடுவிலேயே 'அட, இது கனவு' என்று தெரிந்துவிடுகிறது. ஆனாலும் விழிப்பு வராமல் கனவு தொடர்கிறது. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார்கள். இது நோயா? நினைத்தபோது வரவழைக்க முடியுமா?
- கோவில்பட்டி வாசகி

பதில்: கயிறெல்லாம் வேண்டாம் அம்மா. நோயும் இல்லை. எனக்கும் வரும்.

நாளிதழ் ஒன்றில் 26 வருடம் இரவு ஷிஃப்டில் புரூஃப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றும் கனவில் அதே மேஜை, அதே சிவப்புப் பேனா. ஒருநாள் தலைப்பில் 'கொட்டித் தீர்த்தது கனமழை' என்றிருந்தது. மறுபடி பார்த்தால் 'கனமலை'. பதறிப்போய்த் திருத்தினேன். மூன்றாவது முறை 'கனமாலை'! அச்சடித்த எழுத்து அப்படி மாறாதே என்று தோன்றியதும் சட்டென்று புரிந்துவிட்டது, இது கனவு.

எனக்குச் சர்க்கரை வியாதி. ஜாங்கிரியைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது. கனவில் யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்து அறைக் கதவைத் திறந்தேன், தட்டு நிறைய ஜாங்கிரி. வாயில் போட்டால் நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்ததை எடுப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது. கனவு என்று தெரிந்துவிட்டால் எல்லாம் நம் சொல்படி நடக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கே!

இதை 'லூசிட் ட்ரீம்' என்பார்கள். 1913-இல் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர் எழுதிய கட்டுரையால் பரவிய பெயர். ஆனால் தூங்குகிறவர் உண்மையிலேயே தூங்குகிறாரா, சும்மா சொல்கிறாரா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. கனவு நேரத்தில் கை கால் தசைகள் தளர்ந்து கிடக்கும், விழிகள் மட்டும் அசையும் இல்லையா? 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் அதைப் பிடித்துக்கொண்டார். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஆட்டும்படி ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம் சொல்லிவைத்தார். அவர் ஆட்டினார், கருவியில் பதிவானது. அந்த நேரத்தில் அவர் தூக்கத்தில்தான் இருந்தார் என்பதும் அதே கருவியில் தெரிந்தது.

வரவழைக்க வழி உண்டு. தூங்கி ஐந்து மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் விழித்திருந்து, 'கனவு வந்தால் கனவென்று கண்டுகொள்வேன்' என்று நினைத்தபடி மறுபடி படுக்க வேண்டும். கனவு வரும் தூக்கம் விடியவிடியத்தான் நீளும். (விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். பலிக்கிறதோ இல்லையோ, ஞாபகம் இருக்கும்.) தினமும் செய்யாதீர்கள், தூக்கம் கெடும்.

சில சமயம் மனம் விழித்தும் உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அமுக்குவான் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். தளர்ந்த தசை இன்னும் மீளவில்லை, அவ்வளவுதான். சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் பகலிலேயே எது கனவு, எது நிஜம் என்று குழம்பினால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். அன்று இருட்டிலேயே நான் எழுதிவைத்ததைக் காலையில் பார்த்தேன். 'ஜங்கிரி. ருசி இல்லை.' துணைக்கால் விட்டுப்போயிருந்தது.