நிழல்வலையை எடுக்குமுன் உப்பைப் பாருங்கள்

கேள்வி: சுரபுன்னை, வெண்கண்டல் என்ற அலையாத்தி மர நாற்றுகளை நிழல்வலைக்குள் பைகளில் வளர்க்கிறேன். கடல்நீர்தான் ஊற்றுகிறேன். நான்கு மாதமாகியும் வளரவில்லை. சுரபுன்னையின் இலைகள் சிறுத்து ஓரம் கருகுகின்றன. வெளிச்சம் போதவில்லையா? வலையை எடுத்துவிடலாமா?

பதில்: இப்போது எடுக்க வேண்டாம். வெளிச்சம் போதாத நாற்று இப்படி இருக்காது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, இலை அகன்று மெல்லியதாக இருக்கும். சிறுத்த இலையும் கருகிய ஓரமும் உப்பு மிகுந்ததன் அடையாளம்.

அலையாத்திக்குக் கடல்நீர்தானே உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். உப்பை அது தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாற்றுகள் செழிப்பது அதில் கால் பங்கு முதல் பாதி வரை உள்ள நீரில். உப்பு ஏற ஏற வேர் நீரை இழுக்கத் திணறும். நீரை மிச்சம்பிடிக்க இலைத்துளைகள் சுருங்கும். கரியமில வாயு உள்ளே போவது குறையும். அந்த நிலையில் கூடுதல் வெயில் விழுந்தால் இலையால் அதைப் பயன்படுத்த முடியாது; வெயிலே இலையைக் கெடுக்கும். உப்பு குறைவாக இருந்தால் அதே வெயில் நாற்றை விரைவாக வளர்க்கும்.

வாளியிலுள்ள நீரை மட்டும் அளந்து ஏமாந்துவிடாதீர்கள். பை மண்ணை ஒரு பிடி எடுத்துத் துணியில் பிழிந்து, அந்தச் சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (நீரின் உப்பளவைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குவதால், ஊற்றிய நீரில் இருந்ததைவிட மண்ணில் உப்பு அதிகமாக ஏறியிருக்கலாம். வெண்கண்டல் இலைமேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் நோயென்று பயப்பட வேண்டாம். இலைச் சுரப்பிகள் வெளியேற்றிய உப்பு அது, நாக்கில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னைக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும் செடி அது. ஆகவே பையில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் பைகளின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நல்ல நீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு கடல்நீருக்கு இரண்டு, மூன்று பங்கு நல்ல நீர் கலந்து ஊற்றுங்கள். வெறும் நல்ல நீரிலேயே விட்டுவிடவும் கூடாது. வெண்கண்டல் அதில் சோர்ந்துபோகும். கருகிய இலை பச்சையாகாது. புதுத்தளிர் ஓரம் கருகாமல் விரிகிறதா என்று பாருங்கள். அப்படி இரண்டு ஜோடி இலை வந்தபின் வலையைக் காலை வேளையில் மட்டும் விலக்கி, படிப்படியாக முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

நடுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பிருந்து கடல்நீரின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடும் இடத்து உப்பளவுக்குப் பழக்குங்கள். உப்பைக் கூட்டிய வாரத்தில் மட்டும் நிழலைக் குறைக்காதீர்கள்.