அத்தோ கடைக்கு ஃபிரான்சைஸ்: முன்பணத்தை நம்பிக் கிளை விரிக்காதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் பதினொரு வருடமாக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை நடத்துகிறோம். போன வருடம் கொருக்குப்பேட்டையில் இன்னொன்று போட்டோம், நன்றாக ஓடுகிறது. இப்போது பெரம்பூர், மாதவரம், திருவொற்றியூரிலிருந்து மூன்று பேர் ஃபிரான்சைஸ் (எங்கள் பெயரில் கடை போடும் உரிமை) கேட்கிறார்கள். ஒருவர் ஐந்து லட்சம் முன்பணம் தரவும் தயார். மூன்று பேருக்கும் கொடுத்துவிடலாமா?

பதில்: ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். அவர் கடை ஆறு மாதம் லாபத்தில் நின்ற பிறகு அடுத்தவரிடம் பேசலாம்.

முதலில் எடுப்பவர் பக்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. போக மாதம் 3 லட்சம் வியாபாரம் என்று வைப்போம். சரக்கு 38 சதவீதம், அதாவது 1,14,000. மூன்று ஆள் சம்பளம் 54,000, வாடகை 35,000, கேஸும் கரண்டும் 22,000, பார்சல் சாமான் 9,000. வியாபாரத்தில் உங்களுக்குத் தரும் பங்கான ராயல்டி 5 சதவீதம் என்றால் 15,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,700. 5 சதவீத வரி கட்டும் உணவகம், தான் வாங்கியதற்குக் கொடுத்த வரியை (உள்ளீட்டு வரி) அதில் கழிக்க முடியாது. ஆகவே அந்த 2,700 அவர் கையைவிட்டுப் போனதுதான். எல்லாம் போக 48,300 நிற்கும்.

இதே கடை 2 லட்சத்துக்கு இறங்கட்டும். வாடகையும் சம்பளமும் அப்படியே நிற்கும். சரக்கு 76,000, ராயல்டி வரியோடு 11,800, கேஸ், கரண்ட் 18,000, பார்சல் 6,000 என்று குறைந்தாலும் 800 ரூபாய் கைநஷ்டம். ஸ்விக்கி, சொமாட்டோ கமிஷனை இதில் சேர்க்கவே இல்லை. அதனால் வாடகை வியாபாரத்தில் 12 சதவீதத்தைத் தாண்டும் இடத்துக்கு, யார் எவ்வளவு முன்பணம் நீட்டினாலும் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் பக்கம். ஐந்து கடை இருந்தால் ராயல்டி 75,000. கடை கடையாகப் போய்ப் பார்க்க ஒரு சூப்பர்வைசர் 25,000, பொது சமையல்கூடத்தில் இரண்டு ஆள் 40,000, அதற்கு வாடகை 15,000. மொத்தம் 80,000, ஐந்து கடை வந்தும் துண்டு விழுகிறது. பல கம்பெனிகள் இந்தப் பள்ளத்தைப் புதுக் கிளைகளின் முன்பணத்தால் மூடுகின்றன. அப்புறம் மாதம் ஒரு புதுக் கடை விற்றாக வேண்டும், இடமும் ஆளும் பார்க்க நேரம் இருக்காது. பழைய கடைகளைக் கவனிக்க ஆளில்லாமல் ருசி கெடும். முன்பணத்தைப் பயிற்சி, போர்டு, திறப்பு வேலைக்கு ஆகிற செலவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று, ஒன்றரை லட்சம் போதும்.

மெக்டொனால்ட்ஸுக்கே இந்த இடி இருந்தது. 1955-இல் அதற்குக் கிளைகள் விற்ற ரே கிராக் அவற்றிடம் வாங்கியது விற்பனையில் 1.9 சதவீதம், அதில் 0.5 கடையைத் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்களுக்குப் போனது. மிச்சத்தில் கம்பெனி நடத்த முடியவில்லை. 1956-இல் இடங்களைத் தாங்களே குத்தகைக்கு எடுத்துக் கிளைகளுக்கு உள்வாடகைக்கு விடத் தனி நிறுவனம் தொடங்கினார்கள். தூக்கி நிறுத்தியது அந்த வாடகைதான்.

உங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது சரக்கு சப்ளை. பூண்டு எண்ணெய், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், கடலை மாவு, காய்ந்த நூடுல்ஸ் ஆகிய ஐந்தும் உங்களிடமிருந்தே போகட்டும். முட்டைகோஸ், முட்டை, வாழைத்தண்டு எல்லாம் அவர்களே பக்கத்து மார்க்கெட்டில் வாங்கட்டும். லாபத்தை அதிகம் ஏற்றினால் அவர்கள் வெளியே வாங்கத் தொடங்குவார்கள், ருசி அன்றே போய்விடும். வெங்காயத்தைச் சூட்டோடு கட்டினால் ஆவி அடைந்து மறுநாளே நமத்துப்போகும். தட்டில் பரப்பி எண்ணெய் வடிந்து முழுக்க ஆறிய பிறகு அரை கிலோ பாக்கெட்டாகக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். வெந்த நூடுல்ஸ் அனுப்பவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஒட்டிப் புளித்துவிடும்.

நூடுல்ஸின் ஆரஞ்சு நிறத்தில் அலட்சியம் கூடாது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தது நினைவிருக்கும். ஒரு கிளையின் சாம்பிள் தேறாவிட்டால் எல்லாக் கிளையின் பெயரும் போகும். ஆய்வக அறிக்கை இல்லாத சரக்கை வாங்காதீர்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிமம் ஒவ்வொரு கிளைக்கும் தனி.

அத்தோ கையால் பிசைகிற பண்டம், மாஸ்டருக்குக் கண்திட்டம்தான் அளவு. அதை எடைக்குக் கொண்டுவர, அவர் பிசையும்போது பூண்டு எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, முப்பது பிளேட்டுக்கு ஒவ்வொரு தடவையும் குறைகிற எடையை எழுதுங்கள். நடு அளவு 14 கிராம் வந்தால், அது எண்ணெயில் சுமார் 15 மில்லி; 15 மில்லி கரண்டியே செய்து கொடுங்கள். கிளையில் ஆள் தாராளமாக 20 ஊற்றினால், நாளைக்கு 150 பிளேட்டில் முக்கால் லிட்டர், மாதத்தில் இருபத்திரண்டரை லிட்டர் வீண். புளித்தண்ணி, மாவு, மிளகாய்க்கும் இதே முறை.

பெயரை டிரேட்மார்க்கில் உணவகங்களுக்கான 43-ஆம் வகுப்பில் பதியுங்கள். தனிநபர் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 4,500. இதழில் வெளியானபின் நான்கு மாதம் ஆட்சேபக் காலம். பதிவு பத்து வருடம் செல்லும். ‘அத்தோ’ என்ற சொல்லை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கடைப்பெயர் தனித்துத் தெரியவேண்டும்.

ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, எல்லாம் 1872 ஒப்பந்தச் சட்டத்தில்தான் வரும். ஒப்பந்தம் முடிந்தபின் அவர் அதே இடத்தில் வேறு பெயரில் அத்தோ போடுவதை, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற அச்சட்டத்தின் 27-ஆம் பிரிவு இருக்கும்வரை, தடுப்பது கஷ்டம். ஆகவே கடை போன் நம்பர், கூகுள் மேப் பக்கம், ஆப் கணக்கு மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எல்லையைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில் கேட் மூடினால் எதிர்ப்பக்கம் வேறு ஊர் மாதிரி. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்தாலும் அப்படித்தான். தெருப்பெயர், தண்டவாளம், கால்வாய் சொல்லி எழுதுங்கள். ஆப் டெலிவரி எல்லையையும் அதிலேயே சேருங்கள்.

நீங்கள் சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான ஜி.எஸ்.டி. காம்பொசிஷனில் இருந்தால், ராயல்டி பில் போடுவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். உணவகம் தவிர்த்த சேவை வருமானத்துக்கு அதில் வரம்பு உண்டு.

மூவரில் யாருக்கு என்றால், மாலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை தானே கல்லாவில் உட்காரத் தயாராக இருப்பவருக்கு. கையெழுத்துக்கு முன் ஆறு வாரம் தண்டையார்பேட்டைக் கடையில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.