ரெண்டரிங்குக்கு பிசி கட்டப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

ரெண்டரிங், அதாவது 3டி சீனைக் கணக்குப் போட்டு படமாவோ வீடியோவாவோ மாத்துற வேலைக்குன்னே தனியா பிசி அசெம்பிள் பண்ணப் போறவங்க கேட்ட கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் போட்டிருக்கேன். ஒரே ஒரு வேண்டுகோள், கேக்கும்போது எந்த சாஃப்ட்வேர், எந்த ரெண்டரர் (அந்தப் படத்தை உருவாக்குற இன்ஜின்), என்ன மாதிரி சீன்னு சொல்லிட்டுக் கேளுங்க, அது தெரியாம எந்த பார்ட்டும் சொல்ல முடியாது.

கேள்வி: அண்ணா, நான் பி.ஆர்க் மூணாவது வருஷம், மதுரை. பிளெண்டர் சாஃப்ட்வேர், அதோட சைக்கிள்ஸ் ரெண்டரர்லதான் எல்லாமே. கிராபிக்ஸ் கார்டு 3060 12 ஜிபி எடுக்கவா, 4060 எடுக்கவா? கேமிங் வீடியோ எல்லாத்துலயும் 4060தான் வேகம்னு சொல்றாங்க.

வேகம்தான் தம்பி, அதுல சந்தேகமே இல்ல, சீன் உள்ள அடங்குற வரைக்கும். 4060லயும் அடுத்து வந்த 5060லயும் கார்டு மெமரி 8 ஜிபிதான் இருக்கு, அதுலயும் விண்டோஸ், மானிட்டர், வியூபோர்ட் (வேலை பண்ணும்போது சீன் தெரியுற விண்டோ)னு கொஞ்சம் போயிடும். இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பாரு. 4கே டெக்ஸ்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) ஒண்ணு டிஸ்க்ல ஜேபெக்கா 5 எம்பிதான் இருக்கும், ஆனா ரெண்டர் ஆகும்போது பிரிஞ்சி உக்காரும், 4096 பெருக்கல் 4096, ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆக 64 எம்பி. அதே 8கேன்னா 256 எம்பி. ஒரு வீட்டு எலிவேஷன்ல செங்கல், புல், மரப்பட்டை, ஓடுன்னு 8கே கலர் டெக்ஸ்சர் ஒரு முப்பது போட்டேன்னா ஏழரை ஜிபி அங்கேயே காலி, மரம் செடியோட மெஷ் (3டி வடிவம்) இன்னும் உள்ளயே வரல. மெமரி நிரம்பிட்டா சைக்கிள்ஸ் சிஸ்டம் ரேமைத் தொட ஆரம்பிக்கும், வேகம் படுத்துடும், இல்லன்னா மெமரி பத்தலன்னு எர்ரர் காட்டி நின்னுடும். அந்த நேரத்துல வேகமான கார்டு வச்சிருந்து என்ன பிரயோஜனம்?

அதனால வாங்குறதுக்கு முன்னாடி காலேஜ் லேப்லயோ ஃப்ரெண்டு பிசிலயோ உன்னோட பெரிய சீனைத் திறந்து ஒரு ரெண்டர் போடு. ரெண்டர் விண்டோ மேல ஓடுற வரில மெம், பீக்னு ரெண்டு நம்பர் வரும், அந்த பீக் நம்பரைக் குறிச்சிக்கோ. 5 ஜிபிக்குள்ள நிக்குதுன்னா தாராளமா 4060 எடு. 7, 8ன்னு போகுதுன்னா 3060 12 ஜிபி, இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேத்து 4060 டிஐ 16 ஜிபியோ 5060 டிஐ 16 ஜிபியோ. அந்த டிஐ ரெண்டுலயும் 8 ஜிபி வெர்ஷனும் விக்கிறாங்க, பில்லுல 16ன்னு இருக்கான்னு பாத்து வாங்கு. இன்னொண்ணு, மரத்தை காப்பி பண்ணும்போது ஷிஃப்ட் டி போடாத, ஆல்ட் டி போடு, அப்பதான் எல்லா மரமும் ஒரே மெஷ்ஷை பகிர்ந்துக்கும். காசே இல்லாம மெமரி மிச்சம்.

கேள்வி: சார், கோயம்புத்தூர்ல இன்டீரியர் டிசைன் பண்றோம். சாஃப்ட்வேர் 3டிஎஸ் மேக்ஸ், ரெண்டரர் கொரோனா. கடைல 4090 கார்டு போட்டாதான் ரெண்டர் ஸ்பீடா வரும்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. சரியா?

இல்ல மேடம், அந்த கொட்டேஷனை அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க. கொரோனா முழுக்க சிபியூல ஓடுற ரெண்டரர். கிராபிக்ஸ் கார்டு அங்க வியூபோர்ட் காட்டவும், டீநாய்சர்ல (படத்துல வர்ற புள்ளிகளை நீக்குறது) கொஞ்சம் உதவவும்தான், ஃபைனல் ரெண்டர் நேரத்தை அது குறைக்காது. உங்களுக்கு காசு போக வேண்டிய இடம் 16 கோர் ரைசன், 7950எக்ஸ் இல்ல 9950எக்ஸ், கூட 64 ஜிபி ரேம், ஒரு நல்ல கூலர், வியூபோர்ட்டுக்கு 8 ஜிபி கார்டு ஒண்ணு சாதாரணமா. ஆனா நாளைக்கு கிராபிக்ஸ் கார்டுலயே ஓடுற லூமியனுக்கோ வி-ரே ஜிபியூவுக்கோ மாறப் போறீங்கன்னா கதையே மாறும், அதை இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டரரை முடிவு பண்ணாம பிசிக்கு ஆர்டர் குடுக்குறதுதான் நான் அடிக்கடி பாக்குற பெரிய பண விரயம், பாக்கும்போதே வருத்தமா இருக்கும்.

கேள்வி: அதே கொரோனாவுக்கு இன்டெல் ஐ9 14900கே சிபியூ போட்டா?

வேகம் நல்லா இருக்கும், 24 கோர் 32 த்ரெட். ஆனா 13, 14வது ஜெனரேஷன் பெரிய சிப்புகள்ல வோல்டேஜ் அதிகமாப் போய் கிராஷ் ஆகுற பிரச்சினை 2024ல பெருசா வெடிச்சிது, இன்டெல் ஆகஸ்ட்ல மைக்ரோகோட் அப்டேட் (சிப்பு உள்ள ஓடுற கோடுக்குத் திருத்தம், பயாஸ் வழியா வரும்) விட்டாங்க, பாக்ஸ்ல வர்ற சிப்புக்கு வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. ஏற்கனவே வாங்கி வச்சிருக்கவங்க மொத வேலையா பயாஸ் அப்டேட் பண்ணுங்க. புதுசா வாங்குறவங்களுக்கு ராத்திரி முழுக்க ஃபுல் லோடுல ஓடப் போற மெஷினுக்கு நான் ரைசன்தான் சொல்லுவேன்.

கேள்வி: ப்ரோ, ரெண்டு 3060 போட்டா 24 ஜிபி ஆயிடுமா?

ஆகாது. ரெண்டு கார்டுலயும் முழு சீனோட காப்பி தனித்தனியா உக்காரும், வேகம்தான் கூடும், மெமரி 12 ஜிபிதான். ரெண்டு கார்டை நேரா இணைக்கிற என்விலிங்க் இருந்தா பகிர்ந்துக்கலாம், ஆனா 3060ல அது இல்ல, 4090லயே எடுத்துட்டாங்க.

கேள்வி: ரைசன்ல கூடுதல் கேஷ் மெமரி வச்ச எக்ஸ்3டி சிப்பு ரெண்டருக்கு நல்லதா?

அது கேமிங்குக்கு. ரெண்டருக்குக் கோர் எண்ணிக்கையைப் பாருங்க.

கேள்வி: 64 ஜிபி ரேமுக்கு 16 ஜிபி ஸ்டிக் நாலு போடலாமா? ஏற்கனவே ரெண்டு கைல இருக்கு.

டிடிஆர்4 போர்டுன்னா போடுங்க, பரவாயில்ல. ரைசன் 7000, 9000 சிப்பு மாட்டுற ஏஎம்5 போர்டுல டிடிஆர்5ன்னா யோசிங்க, நாலு ஸ்லாட்டும் நிரப்பினா ஏஎம்டி உறுதி குடுக்குற வேகம் 3600க்கு இறங்கிடும், சில நேரம் பூட் ஆகவே அடம் பிடிக்கும். புதுசா வாங்குறவங்க 32 ஜிபி ஸ்டிக் ரெண்டா ஒரே கிட்டுல எடுங்க.

கேள்வி: எங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போகும். 7950எக்ஸ், 4070 டிஐ சூப்பர் போட்ட மெஷின், 600 விஏ யூபிஎஸ் இருக்கு, போதுமா?

போதாது, அதை நம்பி ரெண்டர் போடாதீங்க. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் கிட்டதான் தாங்கும். உங்க மெஷின்ல 7950எக்ஸ் ஃபுல் லோடுல 230 வாட் வரைக்கும் இழுக்கும், 4070 டிஐ சூப்பர் 285 வாட், ரெண்டும் சேந்தே 515, அப்புறம் ஃபேன், டிஸ்க், மானிட்டர். கரண்ட் போன அந்த செகண்டே யூபிஎஸ் கைய விரிச்சிடும். 1500 விஏக்கு மேல போங்க, வாட் ரேட்டிங்கைத் தனியாப் பாருங்க, ப்யூர் சைன் வேவ்னு போட்டிருக்கணும், ஏன்னா இப்ப வர்ற நல்ல பவர் சப்ளை எல்லாம் விலை கம்மியான யூபிஎஸ் குடுக்குற கட்டக்கட்டமான அலைல சில நேரம் ஆஃப் ஆயிடும். இந்த மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ் (பிசி உள்ள இருக்குற பவர் சப்ளை) 850 வாட் கோல்டு, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

பார்ட்ஸை விட முக்கியமான ஒண்ணு சொல்றேன். அனிமேஷனை நேரா எம்பி4ஆ ரெண்டர் போடாதீங்க. பிஎன்ஜி இல்ல ஈஎக்ஸ்ஆர் படமா ஃப்ரேம் ஃப்ரேமா எழுத விடுங்க, பிளெண்டர் அவுட்புட்ல ஓவர்ரைட் டிக்கை எடுத்துடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போனாலும் காலைல வந்து மறுபடி ரெண்டர் அழுத்தினா முடிஞ்ச ஃப்ரேமை எல்லாம் தாண்டி விட்ட இடத்துல இருந்து போகும். எம்பி4ஆ போட்டிருந்தா மொத்த ராத்திரியும் போச்சு.

கேள்வி: சிபியூ 95 டிகிரி காட்டுது, பயமா இருக்கு. வீட்ல ஏசி இல்ல, திருநெல்வேலி வெயில்.

ரைசன் 7000 பெரிய சிப்புகள் 95 வரைக்கும் போற மாதிரியேதான் டிசைன் பண்ணிருக்காங்க, அதனால எரிஞ்சிடாது. ஆனா வெளியவே 38, 39 டிகிரி இருக்கும்போது ரூம்ல உக்கார முடியாது இல்லயா. பயாஸ்ல ஈகோ மோடு (சிப்பு இழுக்குற கரண்டைக் கட்டுப்படுத்துற செட்டிங்) 105 வாட் வச்சிப் பாருங்க, வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நல்லாவே இறங்கும், கரண்ட் பில்லும் குறையும். முன்பக்கம் கண்ணாடி மூடின கேஸ் பாக்க அழகா இருக்கும், நம்ம ஊருக்கு வேண்டாம், வலை போட்ட முகப்பு இருக்குற கேஸ் எடுத்து ஃபில்டரை மாசத்துக்கு ஒருக்கா தட்டி விடுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் 3090 ஒண்ணு வருது. கிரிப்டோ மைனிங்ல ஓடினதா இருக்கலாம். எடுக்கலாமா?

24 ஜிபி, ஆசை வரத்தான் செய்யும், பெரிய சீன் பண்றவங்களுக்கு அது இன்னமும் நல்ல கார்டுதான். ஆனா அதுல மெமரி சிப்பு பாதி போர்டோட பின்பக்கம் இருக்கு, ஃபேன் காத்து அங்க சரியாப் போகாது, முதல்ல அடி வாங்குறது அந்த இடம்தான். விக்கிறவர் முன்னாடியே உங்க சீன் ஒண்ணை அரை மணி நேரம் ரெண்டர் ஓட விட்டு ஹெச்டபிள்யூஇன்ஃபோங்குற சாஃப்ட்வேர்ல மெமரி ஜங்ஷன் டெம்பரேச்சரைப் பாருங்க. 110 டிகிரியத் தொட்டா கார்டே வேகத்தைக் குறைச்சிக்கும், தெர்மல் பேட் (சிப்பு சூட்டை வெளிய கடத்துற மெத்தை) மாத்தணும், அந்தச் செலவை விலைல கழிச்சிக் கேளுங்க. ஓட விட்டுக் காட்ட மாட்டேன்னு சொன்னா கிளம்பி வந்துடுங்க.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்ல பில் இல்லாம கம்மியா தர்றேங்குறாங்க.

வேண்டவே வேண்டாம். சீரியல் நம்பரோட பில் இல்லன்னா வாரண்டிக்கு அலைய முடியாது. பிசினஸ் பண்றவங்கன்னா 18 சதவீத ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம், அதனால உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டே பில் கேளுங்க, அந்த கம்மி விலைல பெருசா லாபம் இருக்காது. ரெண்டு மூணு கடைல ஏறி இறங்கி விலை கேக்குறது நல்லதுதான்.

கேள்வி: அண்ணா, எனக்கு வருஷத்துக்கு ரெண்டு வாட்டிதான் பெரிய ரெண்டர், 10 செகண்ட் அனிமேஷன். அதுக்காக ஒரு லட்சம் போட்டு கட்டணுமா?

24 ஃப்ரேம் கணக்குல 10 செகண்டுக்கு 240 ஃப்ரேம். இப்ப இருக்குற பிசில ஒரு ஃப்ரேம் 5 நிமிஷம்னா 1200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம்மா. வருஷத்துல ரெண்டு நாள் பிசிய விட்டுக் குடுத்தா முடியுற வேலை. ஒரு ஃப்ரேம் அரை மணி நேரம் ஆகுதுன்னா அஞ்சு நாள், அப்பவும் மொதல்ல ஷீப்-இட் ரெண்டர் ஃபார்மைப் பாரு, பிளெண்டருக்கு இலவசம், உன் பிசி சும்மா இருக்கும்போது மத்தவங்க ஃப்ரேமை ரெண்டர் பண்ணிக் குடுத்து பாயின்ட் சேத்து வச்சா உன் வேலை வரிசைல முன்னாடி போகும். கிளையண்டோட ரகசிய ஃபைல்னா மட்டும் அங்க ஏத்தாத. இப்போதைக்கு ஒரு டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, ரேமை 32 ஆக்கிக்கோ, மிச்ச காசை வச்சிரு.