மட்டக்களப்பிலிருந்து மலைக்கோட்டைகளுக்கு மோட்டார் சைக்கிளில்: கேள்வி பதில்

சிகிரியா, யாப்பகூவ இரண்டையும் கூட்டாளியோடு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்ப்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

களுவாஞ்சிக்குடி: அண்ணன், நானும் கூட்டாளியும் ரெண்டு நாளில சிகிரியாவும் யாப்பகூவவும் பார்த்திட்டு வரலாமா?

மூன்று நாள் எடுங்கள் தம்பி. இரண்டு நாளில் ஓடி முடிக்கலாம். ஆனால் ஒரு கோட்டையை உச்சி வெயிலில் ஏற வேண்டி வரும், இல்லையென்றால் யானைக் காட்டை இருட்டில் கடக்க வேண்டி வரும். இந்தப் பயணத்தில் செய்யக் கூடாதவை இந்த இரண்டும்தான். பாறை ஏறுவது காலையில், காடு கடப்பது வெளிச்சத்தில். இதை வைத்துத்தான் நேரம் போட வேண்டும்.

முதல் நாள் காலை ஆறரைக்கு மட்டக்களப்பு நகரை விடுங்கள். ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி வரை ஊர்கள் நெருக்கம், வேகம் எடுக்க முடியாது. அதற்குப் பிறகு புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை. அங்கே தேநீர் குடித்து ஆறிவிட்டு, மின்னேரியா, ஹபரணை வழியாக மதியம் தாண்டிச் சிகிரியாப் பக்கம் தங்குங்கள். ஏறக்குறைய 160 கிலோமீற்றர் வரும். இரண்டாம் நாள் வாசல் திறக்கும்போதே ஏறி, பத்து மணிக்குள் இறங்கி, தம்புள்ளை வழியாக மாகோவுக்குப் போங்கள். கொழும்பு ரயிலில் போய் வந்தவர்களுக்கு மாகோ சந்தி தெரிந்திருக்கும். யாப்பகூவ அங்கிருந்து சில கிலோமீற்றர்தான். மூன்றாம் நாள் காலை அதை ஏறி முடித்து, ஒன்பதரைக்குத் திரும்பினால் பொழுதிருக்க ஊர் வந்து சேரலாம். அன்றைக்கு ஓட்டம் 230 கிலோமீற்றரை ஒட்டி வரும், இடையில் வேறெங்கும் இறங்கிப் பார்க்க நேரம் ஒதுக்காதீர்கள்.

கல்முனை: எந்த மாதம் நல்லம்?

மாசி, பங்குனி. கார்த்திகை, மார்கழியில் போகவே வேண்டாம். மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் கல்லெல்லையில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். லொறி போகிறதே என்று பின்னால் போகாதீர்கள், லொறியின் பாரம் வேறு, பைக்கின் பாரம் வேறு.

ஆனி, ஆடியில் மழைப் பயம் இல்லை, ஆனால் கச்சான் காற்று. நாம் மேற்கு நோக்கிப் போகும்போது அது முகத்துக்கு எதிரே அடிக்கும். புணானைக்கு அப்பால் வெட்டையில் அதன் வேகம் தெரியும். எஞ்சின் இழுக்கவில்லை என்று கராஜில் காட்ட நினைப்பீர்கள், குறை எஞ்சினில் இருக்காது. ஒரு கியரைக் குறைத்து, உடம்பைக் கொஞ்சம் குனிந்து, வேகத்தை 50க்கு இறக்கி ஓட்டுங்கள். பெற்றோலும் வழமையை விடக் கூடவே முடியும்.

காத்தான்குடி: நானா, பல்சர் 150இல் ரெண்டு பேர், ரெண்டு பேக். போக முதல் என்ன பார்க்கணும்?

ரயர் காற்றில் தொடங்குங்கள். முன் ரயர் 25 பி.எஸ்.ஐ, பின் ரயர் தனியாக ஓடும்போது 28, பின்னால் ஆள் இருந்தால் 32. பைக் ஓடிச் சூடேறும் முன், காலையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடான ரயரில் அழுத்தம் கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் குளிர்ந்ததும் குறைந்து போகும். குறைந்த காற்றில் இரண்டு பேர் பாரத்தோடு ஓடினால் ரயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடாகும், வளைவில் பின்பக்கம் ஆடும். வேறு பைக் என்றால் அந்த பைக்கின் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள்.

அடுத்தது செயின். கீழ்ப் பக்கத்தின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் 25 முதல் 35 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். செயின் எல்லா இடமும் ஒரே அளவாகத் தேயாது, இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும். பலர் இறுக்கினால் நல்லது என்று முறுக்கிவிடுகிறார்கள். பின்னால் ஆள் ஏறிச் சீட் இறங்கும்போது செயின் இன்னும் இழுபடும். அப்போது பற்சக்கரமும் பெயரிங்கும் அடிவாங்கும். 90ஆம் இலக்க கியர் ஒயிலை உள்பக்கமாக விட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் அது மணலைப் பிடித்துச் செயினையே அரைக்கும். கடற்கரை ஊர்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எஞ்சின் ஒயில் மாற்றி 2000 கிலோமீற்றர் தாண்டியிருந்தால் புறப்பட முதல் மாற்றிவிடுங்கள். பிறேக் கட்டை, கிளச் கேபிளின் நுனி இரண்டையும் கண்ணால் பாருங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்து நின்றாலும் வீட்டிலேயே மாற்றுங்கள்.

காத்தான்குடி (அதே நண்பர்): பேக்கை எப்படிக் கட்டுறது?

பாரமானது சீட்டுக்கு அருகில், இலேசானது பின்னால். பின் விளக்குக்கு மேல் பாரத்தைத் தொங்கவிட்டால் முன் சக்கரம் இலேசாகி, ஹேண்டில் நடுங்கும். றப்பர் கயிற்றின் நுனியை அப்படியே தொங்கவிடாதீர்கள். அது காற்றில் பறந்து செயினுக்குள் போனால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். நுனியை மடித்துச் செருகி, இன்னொரு நூலால் கட்டுங்கள். ஷோல், சேலைத் தலைப்பு, அபாயாவுக்கும் இதே கவனம் வேண்டும். பின்னால் இருப்பவர் ஏறியதும் நீங்களே திரும்பிப் பார்த்த பிறகுதான் கிளச்சை விட வேண்டும்.

ஏறாவூர்: வழியில காத்துப் போனா? புணானைக் காட்டுக்குள்ள கடை இல்லையே.

ரியூப் இல்லாத ரயர் என்றால் ஒட்டுத் திரி, துளை அரம், கால் பம்ப் மூன்றும் இருந்தால் போதும். ஆணியைக் கண்டவுடன் பிடுங்க வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரியை ஊசியில் கோத்துப் பசை பூசி வையுங்கள். ஆணி எந்தச் சரிவில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பிடுங்கி, அதே சரிவில் அரத்தை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். திரியின் இரு நுனியும் விரற்கடை அளவு வெளியே நிற்கும்வரை தள்ளி, ஊசியைச் சட்டென்று உருவுங்கள். மெல்ல இழுத்தால் திரியும் கூட வந்துவிடும். காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் துளை என்றால் திரி நிற்காது, தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ரியூப் ரயர் என்றால் வீதியோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்காமல் புது ரியூப் போடுங்கள். பின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரை வீட்டிலேயே போட்டுப் பார்த்துக் கொண்டு போங்கள்.

வாழைச்சேனை: யானை வந்தா என்ன செய்யுறது அண்ணா?

காலை ஆறுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் புணானை–வெலிக்கந்தைப் பகுதியிலும் மின்னேரியா–ஹபரணைப் பகுதியிலும் பைக்கில் இருக்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் மின்னேரியாக் குளத்துக்கு யானைகள் கூட்டமாக வரும். அந்த நாட்களில் இன்னும் நேரத்தோடு கடந்துவிடுங்கள்.

வீதியில் நின்றால் நூறு மீற்றருக்கு இப்பால் நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட்டை அடித்துக் காட்டவும் வேண்டாம். பைக்கைத் திருப்பி, போகத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். பஸ் அல்லது லொறி வந்தால் யானை நிற்காத பக்கமாக அதன் மறைவில் ஒட்டிப் போகலாம். கூட்டாளி இறங்கிப் படம் எடுக்கப் போனால் அங்கேயே தடுத்துவிடுங்கள். அந்த வீதியில் வாகனங்களிலிருந்து பழம் வாங்கித் தின்று பழகிய யானைகளும் நிற்கின்றன. பேக்குக்குள் வாழைப்பழமோ மாம்பழமோ இருந்தால் அதன் மணத்துக்கு வரும். பழம் எல்லாம் பொலன்னறுவையிலேயே தின்று முடியுங்கள்.

அக்கரைப்பற்று: ரயில் கடவையில ஒருக்கா சறுக்கி விழப் பார்த்தேன். ஏன்?

தண்டவாளம் வீதியைச் சரிவாக வெட்டும் இடங்களில் சக்கரம் இரும்போடு சேர்ந்து ஓடப் பார்க்கும். பனியோ மழையோ பட்டிருந்தால் பிடிப்பே இல்லை. கடவைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும்படி பைக்கை நிமிர்த்தி, பிறேக்கும் பிடிக்காமல் அக்சிலரேற்றரும் திருகாமல் உருளவிடுங்கள்.

செங்கலடி: சிகிரியா கோட்டையா, மாளிகையா? ஏறும்போது எதைப் பார்க்கணும்?

இரண்டும்தான். தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சிக்கு வந்த காசியப்பன், தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு வருவான் என்ற பயத்தில் அனுராதபுரத்தை விட்டு இங்கே வந்தான். 477 முதல் 495 வரை அவன் ஆட்சி. கீழே அகழி, மதில், அதற்குள் நீர்த்தோட்டம், நடுவில் ஏறக்குறைய 180 மீற்றர் செங்குத்தாக நிற்கும் பாறை. 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஓவியத்தையும் சிங்கப் பாதத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் சிங்கப் பாதத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது பாறை முகத்தை அண்ணாந்து பாருங்கள். படி படியாகச் சின்னச் சின்ன வெட்டுத் தடங்கள் வரிசையாகத் தெரியும். வழுக்கும் பாறையில் செங்கல் சுவர் அமர்ந்து நிற்க அடித்தளம் வெட்டிய அடையாளம் அது. இன்று இரும்புப் படி போகும் இடத்தில் அன்று ஒரு பெரிய கட்டுமானமே தொங்கி நின்றது என்பது அந்தத் தடங்களைப் பார்த்தால்தான் புரியும். பளபளப்பாக மெருகிட்ட கண்ணாடிச் சுவரில் பழங்கால ஆட்கள் கீறிவைத்த கவிதைகள் உண்டு. தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து வெளியிட்டார். அதைத் தொடாதீர்கள். ஓவியங்களைப் படம் பிடிக்கவும் அனுமதி இல்லை.

குரங்கு சீட்டில் கட்டிய பேக்கைக் கிழிக்கும். ஹெல்மெட் இரண்டையும் ஒரு கம்பிப் பூட்டில் கோத்துப் பைக்கோடு பூட்டிவிட்டு, பெறுமதியானதைக் கையோடு கொண்டு போங்கள்.

ஆரையம்பதி: குளவி கொட்டும் என்கிறார்களே. நான் பயந்த ஆள், தங்கச்சியும் வாறா.

அது மலைத்தேனீ. பாறை முகத்தில் பெரிய கூடுகளாகத் தொங்கும். சத்தமும் கடும் வாசனையும் அவற்றைக் கிளப்பும். அன்றைக்கு சென்ற் பூசாதீர்கள், கூச்சல் போடாதீர்கள், கல் எறிபவனைக் கண்டால் தடுத்துவிடுங்கள். கிளம்பிவிட்டால் படியில் ஓடினால் விழுந்து காயப்படுவீர்கள். முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக் குனிந்து, சிங்கப் பாதத்தருகே வலையடித்த கூண்டு இருந்தால் அதற்குள் போங்கள். தேனீ கொட்டி முன்பு மூச்சு முட்டியவர் யாராவது இருந்தால் கீழேயே இருக்கட்டும்.

கொக்கட்டிச்சோலை: யாப்பகூவவுக்குத் தமிழரோட தொடர்பு இருக்காமே?

உண்டு. முதலாம் புவனேகபாகு மன்னன் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைத் தலைநகராக்கிப் புத்தரின் புனிதப் பல்லான தந்த தாதுவை இங்கே வைத்திருந்தான். அவனுக்குப் பின் பாண்டிய அரசன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி என்ற தளபதி கோட்டையைப் பிடித்துத் தாதுவைப் பாண்டிநாட்டுக்குக் கொண்டு போனான் என்று பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. மூன்றாம் பராக்கிரமபாகு போய்ப் பேசி அதை மீட்டு வந்தான். பழைய பத்து ரூபாய்த் தாளில் இருந்த சிங்கம் இந்தப் படிக்கட்டுச் சிங்கம்தான்.

படி விஷயத்தில் சிகிரியாவை விட இங்கே கவனம் வேண்டும். சிகிரியாவை விடப் பாறை சிறிதுதான். ஆனால் படி உயரம் கூட, கால் வைக்கும் அகலம் குறைவு. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது குதிக்கால் கல்லில் பதியாது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்குங்கள். பைக் ஓட்ட முழங்கால் வேண்டும்.

அம்பாறை: எங்களுக்கு மகியங்கனை வழி கிட்ட. கண்டிக்குப் போய்ப் பலனைக் கோட்டையும் பார்க்கலாமா?

பார்க்கலாம். கடுகண்ணாவைக்கு அருகே, போர்த்துக்கீசரும் கண்டிப் படைகளும் மோதிய காவற்கோட்டை அது, மிஞ்சியிருப்பது இடிபாடுதான். போகும்போது மகியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏற்றம், எஞ்சின் இழுக்கும் கியரில் பொறுமையாக ஏறினால் போதும். திரும்பி இறங்கும்போதுதான் கவனம். நியூட்ரலில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். பிறேக்கை வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து விடுங்கள், தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராதீர்கள். கருகிய மணம் வந்தாலோ லிவர் பஞ்சுபோல் உள்ளே போனாலோ உடனே ஓரங்கட்டி, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூடான பிறேக் டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

வாகரை: பெற்றோல், தண்ணி எவ்வளவு?

சிகிரியா, யாப்பகூவ போய்வர 500 கிலோமீற்றரை ஒட்டி வரும். இரண்டு பேரோடு லீற்றருக்கு 40 என்று கணக்கு வைத்தால் 12, 13 லீற்றர். போகும்போது வாழைச்சேனையிலும், திரும்பும்போது பொலன்னறுவையிலும் நிரப்பிக்கொண்டால் காட்டுக்குள் தவிக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், பாறை ஏறும் நாளில் மூன்று. ஆளுக்கு ஒரு ஜீவனிப் (உப்பு, சர்க்கரைக் கரைசல் தூள்) பொதி எடுங்கள், பொதியில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தலை இடித்தால் ஹெல்மெட்டைக் கழற்றி நிழலில் இருந்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.