சிகாகோ வெதர்ஃபோர்டும் கல்கத்தா வெதர்ஃபோர்டும்

சிகாகோவில் ஜாஸ் வாசித்த வெதர்ஃபோர்டும் கல்கத்தா இசைத்தட்டில் இருக்கும் வெதர்ஃபோர்டும் ஒருவர்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஆள்தான். 1926இல் சிகாகோவில், எர்ஸ்கின் டேட் ஜாஸ் குழுவின் இசைத்தட்டில் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு பியானோ வாசித்த டெடி வெதர்ஃபோர்டுதான் உங்கள் தாத்தாவின் கல்கத்தா கொலம்பியா கம்பெனி தட்டில் இருப்பவரும்.

நடுவில் உள்ள வருடங்கள்தான் உங்களைக் குழப்பியிருக்கும். அதே 1926இல் ஜாக் கார்ட்டர் குழுவோடு ஆசியாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஷாங்காய், பம்பாய் தாஜ், கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டல். 1934இல் டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டனின் குழுவை ஷாங்காய்க்கு அழைத்துப் போனதும் இவர்தான். அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் ஜாஸ் பியானோ மேதை ஏர்ல் ஹைன்ஸ் பெயரோடு இவர் பெயரும் அடிபட்டிருக்கும் என்பது என் கட்சி. 1945இல் கல்கத்தாவில் காலரா கொண்டுபோய்விட்டது. வயது 41.

சந்தேகம் தீர வேண்டுமென்றால், டேட் குழுவின் 'ஸ்டாட்டிக் ஸ்ட்ரட்' கேட்டுவிட்டு, 1937இல் பாரிசில் அவர் தனியாக வாசித்த பதிவுகளைப் போடுங்கள். இரண்டிலும் இடது கையை மட்டும் கவனியுங்கள்: கீழே ஒற்றை சுரம், உடனே மேலே கொத்தாக சுரங்கள், நிற்காத தாவல்.

கல்கத்தா தட்டை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். அந்த நடனக் குழுப் பதிவுகளில் பெரும்பாலும் பாட்டும் ஊதுகருவிகளும்தான் முன்னால் நிற்கும், பியானோ அமுங்கிப்போகும்.